மொட்டைக்கழுத்தின் முட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகன் போன் பண்ணுவான். எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கோழி எப்படிம்மா இருக்கு?" பெற்றவள் சாப்பிட்டாளா, அப்பாவின் முழங்கால் வலி தேவலையா என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். கோழி. அவன் அம்மா, வீட்டில் எல்லாருக்கும் பெரியவள், சளைக்காமல் சொல்வாள். இன்று யாரைக் கொத்தியது, எந்தச் செடியைக் கிளறிப் போட்டது, முட்டை வைத்துவிட்டு எப்படி ஊரைக் கூட்டியது என்று எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவன் நாலு தடவையாவது சிரித்துவிடுவான். அந்தக் கோழியை எடுத்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச எதுவும் கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

கோழியும் லேசுப்பட்ட கோழி இல்லை. கழுத்தில் ஒரு இறகு கிடையாது, சிவந்த தோல்தான். எங்கிருந்தோ குஞ்சாகச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தான். "இதுக்கு யாருடா சவரம் பண்ணிவிட்டது?" என்று வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மொட்டைக்கழுத்து என்பதே அதற்குப் பேராகிவிட்டது. அவன் பல் தேய்க்கும்போது தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேறு யாராவது கிட்டே போனால் கையைப் பதம் பார்த்துவிடும்.

அப்படிப்பட்டவன் ஏன் வீட்டைவிட்டுப் போனான் என்று கேட்பீர்கள். ஒரே வீட்டின் முன்பக்கம் கொழுந்தன் குடும்பம், பின்பக்கம் இவர்கள். கொல்லை பொது. கொழுந்தனின் மனைவியை, அதாவது பெரியவளின் ஓரகத்தியை, வீட்டில் சின்னவள் என்பார்கள். ஒருநாள் சின்னவளின் போன் காணாமல் போயிற்று. "நான் யாரையும் சொல்லல. ஆனா பகல்ல வீட்டுல சுத்துறது ஒருத்தன்தான்" என்றாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வதாம்? லேத் பட்டறையிலிருந்து களைத்து வந்த அப்பா என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

மறுநாள் அந்தப் போன் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. "அட, இங்கதான் கிடக்கா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் துடைத்தாள் சின்னவள். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், எதுவும் இல்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்தான். "நீயாவது சொல்லும்மா. யார் மேல தப்பு?"

நாளைக்கும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டிய வீடு. பெரியவள் சொன்னாள்: "யார் மேலயும் தப்பில்ல, விடுப்பா."

அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வெளியூரில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை. அதன் பிறகு வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போன் மட்டும் வரும், அதுவும் கோழிக்காக.

அந்தக் கோழியைத்தான் தெருநாய் பிடித்துவிட்டது. பின்சுவர் இடிந்த பக்கமாக நுழைந்தது. பெரியவள் கையில் கிடைத்த விளக்குமாற்றோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கை இறகை அள்ளி வைத்துக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை கோழிக்காகவா? ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. "கோழி எப்படிம்மா இருக்கு?"

"அடை உக்காந்திருக்குப்பா" என்று சொல்லிவிட்டாள். வாய்க்கு அதுதான் வந்தது.

"நெசமாவா!" அவன் குரலில் அப்படி ஒரு துள்ளல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட துள்ளல். "குஞ்சு வந்ததும் சொல்லும்மா. லீவு கேட்டுட்டு வந்து பாக்குறேன்."

வந்து பார்க்கிறேன் என்றான்! பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளையாக அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மொட்டைக்கழுத்து கடைசியாக வைத்த முட்டைகள் சமையலறையில் மணல் நிரப்பிய கிண்ணத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்று பொரிந்தாலும் போதும். அந்த இனத்துக் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே கழுத்து மொட்டையாகத்தான் வரும். வேறு குஞ்சைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது, அவனை முடியவே முடியாது. அதை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தாய்க்கோழி போன கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

முட்டை இருந்தது, அடைகாக்கக் கோழி வேண்டுமே. சின்னவளின் கறுப்புக்கோழி மாடிப்படிக்கு அடியில், வைக்கோல் போட்ட கூடையில் நாலைந்து நாளாக அடையில் இருந்தது. பெரியவள் மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்பக்கம் போய்க் கேட்டாள்.

"இதுக்கு என்னக்கா, தாராளமா வச்சுக்க" என்றாள் சின்னவள். வாயில் எப்போதும் தேன்தான்.

அடையில் ஒரு வில்லங்கம் உண்டு. முன்னால் வைத்த முட்டைகள்தான் முன்னால் பொரியும். பொரிந்த குஞ்சுகளின் சத்தம் காதில் விழுந்ததும், மிச்ச முட்டைகளுக்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று கோழி பார்க்காது, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். அதனால் முதல் குஞ்சுகளை உடனே எடுத்து, கூட்டுக்கு எட்டாத இடத்தில், அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைக்க வேண்டும். கோழி பாட்டுக்கு மிச்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் பெரியவள் சின்னவளுக்கு ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். தன் முட்டைகளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தாள். சாயங்காலமானால் டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே நரம்பு ஓடுவதும், பிறகு ஒரு கரிய நிழல் அசைவதும் தெரியும். "அசையுதுங்க" என்று புருஷனிடம் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் சாந்து குழைத்து அந்த இடிந்த சுவரைப் பூசினார்.

சின்னவளின் குஞ்சுகள் பொரிந்த அன்று பெரியவளுக்கு வேலை. ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். லீவு கேட்டாள். "கோழிக்குப் பிரசவமா? அதுக்கெல்லாம் லீவு இல்லம்மா" என்று சூப்பர்வைசர் சிரித்தான். ஈரம் காயாத குஞ்சுகளை விடிந்ததும் எடுத்து, பெட்டியில் போட்டு, சின்னவளின் சமையலறையில் பல்புக்குக் கீழே வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் பெட்டியை வெளியில கொண்டுவராத. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"சரிக்கா, சரிக்கா. நான் என்ன பச்சைக் குழந்தையா?"

வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். கொல்லைக் கதவைத் தள்ளியதுமே தெரிந்துவிட்டது. கறுப்புக்கோழி மகாராணி மாதிரி முற்றம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது, பின்னாலேயே மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். படிக்கு அடியில் போய்க் கூடைக்குள் கை வைத்தாள். பெருக்கல் குறி போட்ட முட்டைகள் அத்தனையும் சில்லென்று இருந்தன.

"எங்க அக்கா வீட்டுல இருந்து வந்திருந்தாங்க" என்றாள் சின்னவள். "தாயையும் பிள்ளையையும் சேத்துப் பாக்கணும்னு பசங்க ஒரே அழுகை. மதியம் கொஞ்ச நேரம்தான் விட்டேன், அது திரும்பக் கூட்டுக்கே போக மாட்டேங்குது. நான் என்னக்கா பண்றது? பாரு, வீடியோகூட எடுத்தேன்." அதே போனை நீட்டினாள்.

பெரியவள் அதைக் கையில் வாங்கவில்லை. அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கலாம். தலைமுறைக்கும் மறக்காதபடி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாளா? முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதே மாதிரி ஒரு பெட்டியில் பல்பு போட்டு, துணி சுற்றி வைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். நிழல் இருந்தது, அசைவு இல்லை. மறுநாளும் இல்லை. பொரிய வேண்டிய நாள் வந்து தாண்டிய பிறகு ஒன்றை மட்டும் உடைத்தாள். முழுசாக ஒரு குஞ்சு, கண்மூடிச் சுருண்டிருந்தது. உடம்பெல்லாம் நனைந்த மஞ்சள் மயிர். கழுத்து மட்டும் மொட்டை.

"நம்ம குஞ்சுல ரெண்டு எடுத்துக்கக்கா" என்றாள் சின்னவள். "கோழி கோழிதானே."

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது எல்லாரும் கொல்லையில்தான் இருந்தார்கள். புருஷன் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சின்னவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு வந்துச்சாம்மா?"

இனி மறைக்க அவளிடம் எதுவும் இல்லை. "கோழி இல்லப்பா. நாய் புடிச்சிருச்சு. உன்கிட்ட சொல்ல மனசு வரல. அது வச்ச முட்டையைச் சித்தி கோழிகிட்ட அடை வச்சேன். அதுவும் வரல."

அவன் மெதுவாகக் கேட்டான். "ஏன் வரல?"

"பாதியில கோழி எழுந்து போயிருச்சு."

"முதல் குஞ்சையெல்லாம் தனியா எடுத்து வைக்கலையா?"

"வச்சேம்பா. நான்தான் எடுத்து வச்சேன்."

"அப்புறம் யாரும்மா கொண்டுபோய் விட்டது?"

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. புருஷன் நிமிர்ந்து பார்த்தார். சின்னவள் ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பெரியவள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள், சத்தியமாக. வந்தது வேறு.

"யார் மேலயும் தப்பில்ல, விடுப்பா."

அவன் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"சரிம்மா" என்றான். "விட்டுட்டேன்."

சின்னவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் போனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மதியமாகி, வெயில் சாய்ந்து, கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடைக்குத் திரும்பியது. தண்ணீர் பிடிக்க வந்த சின்னவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, பையன் இன்னைக்குப் போன் பண்ணலையா?"

"எதைக் கேக்கிறதுக்குப் பண்ணுவான்?" என்றாள் பெரியவள்.