மறு உத்தரவு வரும் வரை

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றால்தான் கொட்டுச் சத்தம் போனில் விழாது. தேவிகா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் சுபேதார் தெட்சிணாமூர்த்தி சொல்வதைக் கேட்டாள்.

“செய்தி அனுப்பறது பத்து நிமிஷ வேலம்மா. ஆனா அந்தப் பக்கம் வயர்லெஸ் செட்டுல உக்காந்திருக்கறதே கதிரவன்தான்.”

வடகிழக்கில் வெள்ளம். மீட்புப் படகுகளோடு போன ராணுவக் குழுவில் அவள் கணவன் கதிரவன் வயர்லெஸ் ஹவில்தார். செல்போன் கோபுரங்கள் சாய்ந்து ஐந்து நாளாகிறது. போன் எட்டும் மேட்டு முகாமில் சுபேதார். முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பள்ளிக்கூட மாடியில் கதிரவன். நடுவில் தண்ணீர்.

“அவருக்குத்தானே சார் சொல்லணும்?”

“சொல்லலாம். ஆனா எங்க வழக்கம் ஒன்னு இருக்கு. செய்திய வாங்கறவன் எழுதிக்கிட்டு, வார்த்தைக்கு வார்த்தை திருப்பிப் படிச்சுக் காட்டணும். சரின்னு நான் சொன்னாத்தான் முடியும்.”

“அப்ப மத்தவங்களுக்கும் கேக்குமா?”

“எல்லாப் படகுக்கும் கேக்கும்.”

அப்பா இறந்துவிட்டார் என்று கதிரவன் தன் கையால் எழுதி, தன் வாயால் உரக்கப் படிக்க வேண்டும். தேவிகா கொட்டகையின் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வேணாம் சார். யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லட்டும்.”

“ஒரு மணிக்கு ஆள் மாறும். அடுத்தவன்கிட்ட கொடுக்கறேன். அவன் எழுந்து போய் சொல்லுவான். அதுவரைக்கும் நிறுத்தி வைக்கட்டுமா?”

“வைங்க சார்.”

கதிரவனின் அப்பா திருஞானசம்பந்தத்துக்கு எண்பத்து நான்கு வயது. முந்தின நாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போனார். கடைசியாகப் பேசியது மருமகளிடம்தான். “இது டீயா, கழுநீரா?” என்றார். அப்படிப்பட்ட சாவுக்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தரங்கம்பாடிப் பக்கத்து உறவுகள் மாலையை வைத்துவிட்டுச் சாராயக்கடை எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள். சரக்கு மலிவாகக் கிடைக்கும் இந்தக் குரும்பகரத்தில் அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

டீயில் குற்றமில்லை, சர்க்கரைதான் இல்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லி இரண்டு வருடம். கிழவர் கேட்கவில்லை. லீவில் வந்த கதிரவன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினான்: ‘மறு உத்தரவு வரும் வரை சர்க்கரைக்குத் தடை.’ அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவும் பிள்ளையும், வயர்லெஸ் பாணியில், இதைத் தவிர வேறு பேசுவதில்லை.

“மறு உத்தரவு எப்பப்பா வரும்? ஓவர்.”

“வராதுப்பா. ஓவர்.”

“ஒம் பொண்டாட்டி டப்பாவ எங்க ஒளிச்சு வச்சிருக்கா? ஓவர்.”

“ராணுவ ரகசியம்ப்பா. ஓவர்.”

பந்தலுக்குள் சுந்தரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கதிரவனின் பெரியப்பா மகன். கொள்ளி வைக்க வேண்டியவர் இப்போதைக்கு அவர்தான்.

“தேவிகா, மூணு மணிக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள எடுத்தாகணும்.”

“ஒரு மணிக்குத்தான் அத்தான் சேதி போகும்.”

“போகட்டும். நாம வேலையப் பாப்போம்.”

“அவருக்குத் தெரியாம எடுக்கக் கூடாது அத்தான்.”

“தெரிஞ்சா மட்டும் பறந்தா வரப்போறான்? கண்ணாடிப் பெட்டியில நாலு நாளு வச்சிருந்தா சித்தப்பாவே எழுந்து நம்மள வைவாரு.”

“வரலன்னாலும் பரவால்ல. இங்க அப்பாவ எரிக்கறப்ப, அவரு அங்க ஒன்னும் தெரியாம உக்காந்து யாருக்கோ சேதி சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது.”

சுந்தரமூர்த்தி தலையைச் சொறிந்தார். வாய்க்கரிசித் தட்டோடு உட்கார்ந்திருந்த அஞ்சுகம், செத்தவரின் தங்கை, ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

“அவ சொல்றது ஞாயம்டா. ரெண்டே முக்கால் வரைக்கும் பொறு. எங்க அண்ணன் என்னைக்கு நேரத்துக்குக் கெளம்புச்சு?”

சிரிப்பு எழுந்து அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. பாடை கட்டி முடித்தார்கள். இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. தேவிகா கொட்டகைக்கு ஓடினாள்.

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா,” என்றார் சுபேதார். “ஒரு மணிக்கு யாரு உக்காருவான்னு செட்டுல ரெண்டு தடவ கேட்டுட்டேன். எங்க ஆளுங்களுக்கு அது போதும், தனக்குத்தான் ஏதோ கெட்ட சேதின்னு புரிஞ்சுக்கிட்டான். மாத்தறதுக்கு ஆள் வந்தும் அவன் எழுந்திருக்கல. எனக்கு வந்த செய்திய நானே எழுதிக்கறேன்னுட்டான்.”

தேவிகா மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்பிப் படிச்சாரா?”

“படிச்சான். ஒரு எழுத்து தப்பில்ல. பொறவு ஒவ்வொரு படகா பேரைச் சொல்லி, ‘கேட்டோம்’னு சொன்னானுங்க. பதினோரு படகும்மா. யாரும் சொல்லச் சொல்லல.”

அவர் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“பதில் இருக்கு. எழுதிக்கிறீங்களா?”

பின்கட்டுக்கு ஓடி, நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டு பேனாவோடு திரும்பினாள்.

“எடுக்கவும். காத்திருக்க வேண்டாம். கொள்ளி, சுந்தரமூர்த்தி அண்ணன். இன்னும் ஒரு வரி இருக்கு. எனக்கு ஒன்னும் வெளங்கல. ஆனா ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்.”

“சொல்லுங்க சார்.”

“சர்க்கரைத் தடை நீக்கப்படுகிறது.”

எழுதினாள்.

“திருப்பிப் படிங்கம்மா.”

முதல் மூன்று வரியும் சரியாக வந்தன. நான்காவதில் அழுகை வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டாம் தடவை படித்து முடித்தாள்.

“சரியா இருக்கு,” என்றார் சுபேதார்.

கட்டிலுக்கு அடியில் கதிரவனின் பழைய தகரப்பெட்டி. யூனிஃபாரத்தைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்தாள். கனமில்லாமல் இருந்தது. திறந்தாள். பாதிக்குமேல் காலி. பொங்கலிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த மாமனாரின் சின்னக் கரண்டி உள்ளே செருகியிருந்தது.

அதே கரண்டியால் அள்ளி வாய்க்கரிசித் தட்டில் போட்டாள்.

“அரிசியில எதுக்குடி சக்கர?” என்றாள் அஞ்சுகம்.

“உத்தரவு வந்துருச்சு.”

அஞ்சுகம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரண்டியை வாங்கி இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கிளறினாள்.

வெளியே கொட்டு வேகமெடுத்தது. தேவிகா டப்பாவை மூடினாள். பெட்டியில் வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, அடுப்பங்கரைக்குப் போய், டீத்தூளுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.