வாளிமேல் உட்கார்ந்த முதலாளி

காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு ஒட்டகம் ஒரு கூட்டணி ஆட்சியே அமைக்க வேண்டியிருந்தது. இடது கை, கட்டில் கால், மனைவியின் தோள் மூன்றும் சேர்ந்து ஆதரவு கொடுத்தால்தான் உடம்பு நிமிரும். அதில் ஒன்று வாபஸ் வாங்கினாலும் ஆட்சி கவிழ்ந்து அவன் மறுபடியும் மல்லாக்க விழுவான். இடுப்பில் பிடித்த வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகாலில் போய்க் குடியிருந்தது. பல வருஷம் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்கிய முதுகு. பிடரிக்குக் கீழே திரண்டு நின்ற சதையைப் பார்த்துத்தான் ஆட்கள் அவனுக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தார்கள். இப்போது அந்தத் திமிலுக்கும் அதற்குக் கீழே இருக்கிற எலும்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வாரம் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் அட்டையைக் காட்டினால் காசில்லை. அட்டை இல்லாதவன் அந்த மெஷினை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த அட்டைக்குத்தான் இப்போது சனி பிடித்திருந்தது. அரசாங்கம் ஒட்டகத்தை முதலாளி ஆக்கிவிட்டது.

நடந்தது இதுதான். சிமெண்டுக் கிடங்கில் ஏழு பேர் கொண்ட செட்டு அவர்களுடையது. லாரியிலிருந்து மூட்டை இறக்கி, பலகைமேல் ஏறி, உள்ளே அடுக்க வேண்டும். கூலியை மொத்தமாக வாங்கி ஏழு பங்காகச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். செட்டில் ஒரு வழக்கம் உண்டு. எவனுக்காவது முதுகு போனால் அவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரவைப்பார்கள். அவன் மூட்டையை எண்ணுவான், ஆபீஸ் ஜன்னலில் கூலி வாங்கிவந்து பிரித்துக் கொடுப்பான், முதுகு தேறும்வரை முழுப் பங்கும் எடுத்துக்கொள்வான். கிடங்குக்காரன் கண்ணில் பட்டால் சும்மா உட்கார்ந்திருப்பவனை வெளியே தள்ளிவிடுவான் என்பதால், யார் வந்து கேட்டாலும் ஆறு பேரும் வாளியைக் காட்டி, இவர்தான் எங்க மேஸ்திரி, எல்லாம் இவர் பொறுப்பு என்று ஒரே குரலில் சொல்வார்கள். செட்டில் எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் இப்படி மேஸ்திரியாக இருந்தவர்கள்தான்.

இப்போது வாளி ஒட்டகத்தின் முறை. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா முதல் தடவையாகச் சோதனைக்கு வந்து, இங்கே யார் பொறுப்பு என்று கேட்டபோதும் ஆறு விரல்களும் பழக்கதோஷத்தில் ஒட்டகத்தின் பக்கம் நீண்டன. ஒட்டகமும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்சம் கம்பீரமாகவே உட்கார்ந்து கொடுத்தான். அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

புதுச் சட்டம் சொல்வது இதுதான்: கூட்டமாக வேலை செய்கிற இடத்தில் எவன் கூலியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறானோ அவனே முதலாளி. மற்றவர்களுக்குக் கையுறை, காப்பீடு, ஓய்வறை, கழிப்பறை எல்லாம் அவன் செய்து தர வேண்டும். முதலாளிக்குத் தொழிலாளர் அட்டை கிடையாது. ஒட்டகம் தன் வீட்டுக் கழிப்பறையையே மாடிக் குடித்தனக்காரர்களோடு பங்கு போட்டு, முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தவன். அவன் ஆறு பேருக்குக் கட்டித்தர வேண்டுமாம்.

இந்தச் சட்டம் சபையில் நிறைவேறியதை ஒட்டகம் டிவியில் பார்த்திருந்தான். அன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் வேறு எதற்கோ கோபித்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மந்திரி எழுந்து, உழைப்பவனின் கண்ணீரைத் துடைக்கும் சட்டம் இது என்றார். மேசையைத் தட்டினார்கள். முடிந்தது. துடைக்கப்போவது தன் கண்ணைத்தான் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சேனலை மாற்றிவிட்டான்.

சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். போன மாசம்வரை இதே சட்டத்தைக் கொளுத்தியவர் அவர். இடையில் அவர் கட்சி ஆளுங்கட்சியோடு சேர்ந்துவிட்டது. கொளுத்தினது சட்டத்தை இல்லை, அதோட பழைய வரைவை என்று இப்போது விளக்கினார். பழையதுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, அட்டையின் நிறம் என்றார். வெளியே வந்ததும் செட்டில் ஒருவன், தலைவர் முதுகு நல்லா இருக்கு, எந்தப் பக்கம் வேணும்னாலும் வளையுது என்றான்.

வீட்டில் இன்னும் மோசம். மச்சினன், மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், ஆளுங்கட்சி என்றால் உயிரை விடுகிறவன். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க இதைத் தப்பா எடுத்துக்கறீங்க. ஒரு கூலிக்காரனை ஒரே நாள்ல முதலாளி ஆக்கியிருக்கு. எந்த ஆட்சியில நடந்திருக்கு இது?"

"அப்ப நீ வந்து ஆகிக்கோயேன்."

"எனக்குத் தகுதி இல்ல மாமா. இடுப்பு நல்லாத்தான் இருக்கு."

மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சீமாட்டி நடமாட இடம் வேண்டும் என்றாள். மூவரும் சிரித்தார்கள். தம்பி கை கழுவப் போனதும் சிரிப்பு நின்றது. ஸ்கேன் எடுக்காமல் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மருந்து இல்லாமல் எத்தனை நாளைக்கு வாளி தாங்கும் என்றும் தெரியும். "நாளைக்கே போய் அந்த அம்மா கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள்.

போய்ச் சொன்னான். அதிகாரியம்மா கெட்டவர் இல்லை. நாள் முழுக்கப் புழுதியில் அலைந்து இருமிக்கொண்டிருந்தார். நீங்க தொழிலாளின்னா எனக்குச் சந்தோஷம்தான், ஆனா முதல்ல ஆறு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க, மறுபடி வர்றேன், யார் தூக்கறாங்க யார் உக்கார்றாங்கன்னு நானே பார்த்துக்கறேன் என்றார்.

செட்டில் வக்கீல் என்று ஒருவன் இருந்தான். கோர்ட் வாசலைக் கண்டவன் இல்லை. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுவதால் வந்த பேர். டீக்கடையில் அவன் அந்தச் சட்டத்தை ஒரே வரியில் சுருக்கினான்.

"உக்காந்தா முதலாளி, தூக்கினா தொழிலாளி. அந்தம்மா இருக்கிற நேரம் நீ ஒரு மூட்டை தூக்கு போதும். வாளியை நான் ஒளிச்சு வைக்கிறேன்."

"ஒரு மூட்டையா? என் வேட்டியைத் தூக்கவே எனக்கு ஆள் வேணும்."

"அட்டை வேணுமா வேணாமா?"

வேண்டும். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

அதிகாரியம்மா வந்த அன்றைக்கு வாளி சாக்குக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. ஒட்டகம் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் குனிந்து நின்றான். மேலே இருந்தவன் மூட்டையைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் அவன் முதுகில் வைத்தான். அப்படியும் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. பலகை ஆடியது. பல்லைக் கடித்து ஏறினான். பாதிப் பலகையில் இடது கால் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூட்டையைப் போட்டால் கிழியும். கிழிந்தால் கிடங்குக்காரன் வருவான். அப்படியே நின்றான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சிமெண்டுத் தூசியில் சொட்டிக் கட்டியாகிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் வக்கீல் வந்துகொண்டிருந்தான், முதுகில் தன் மூட்டையோடு. நெருங்கி வந்து, இன்னும் ஆழமாகக் குனிந்து, பலகையின் மறுமுனையில் நின்ற இன்னொருவனுக்குக் கண்ணைக் காட்டினான். அவன் இறங்கி வந்து ஒட்டகத்தின் மூட்டையை உருட்டி வக்கீலின் மூட்டைக்கு மேலே ஏற்றிவிட்டான். இரண்டு மூட்டையோடு வக்கீல் கழுத்து நரம்பு புடைக்க, ஒட்டகத்தைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பலகையைக் கடந்து போனான். இறக்கிவிட்டு அடுக்கில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது அவன் முகம் சிமெண்டு நிறத்தில் இருந்தது. பாதி பூசியது, பாதி அவனுடையது.

அதிகாரியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டகத்தைப் பிடித்து இறக்கிய பிறகு, இவரு தொழிலாளிதான், ஒத்துக்கறேன் என்றார். செட்டே மூச்சுவிட்டது. ஆனா தூக்க முடியாத தொழிலாளி என்றார் அடுத்து. செட்டு விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

"இவரை வேலையில வெச்சுக்கறதா வேணாமான்னு முதலாளிதான் சொல்லணும். யாரு முதலாளி?"

எங்களில் முதலாளி என்று எவனும் இல்லை, சமமாகப் பிரித்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி ஒரு ஏற்பாட்டைச் சட்டம் எழுதினவர்கள் கேள்விப்பட்டதே இல்லை, யாராவது ஒருத்தர் இருந்தே ஆகணும், இல்லன்னா செட்டுக்கே கிடங்குல அனுமதி கிடையாது என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததுபோல் பட்டது.

இந்தத் தடவை ஒரு விரலும் நீளவில்லை. ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒட்டகம் வாயைத் திறந்தான். தன் ஒருவனால் ஆறு குடும்பத்துக்கும் வேலை போக வேண்டாம், அட்டை போனால் போகட்டும் என்று சொல்லத்தான் திறந்தான். அதற்குள் அடுக்கில் சாய்ந்திருந்த வக்கீல் கையைத் தூக்கினான்.

"நான்தான். இவனை நான் வேலையை விட்டு எடுக்கல."

"அப்படின்னா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. வேலையில முதுகு போனவருக்கு உக்காந்து செய்யற வேலை நீங்க குடுக்கணும். முழுக் கூலியோட. அதுவும் இதே சட்டத்துலதான் இருக்கு."

வக்கீலுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. பிறகு ஒருவன் போய்ச் சாக்குக் குவியலைப் புரட்டி வாளியை எடுத்துவந்து, முதலாளி உத்தரவு என்று சொல்லிக் கவிழ்த்துப் போட்டான். அதிகாரியம்மா சிரிப்பை இருமலில் மறைத்துக்கொண்டு வண்டியேறினார்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கியிருக்கிறதாம். மருந்தும் பெல்ட்டும் அட்டையில் கிடைத்தன. மச்சினன், பார்த்தீங்களா மாமா, சட்டம் வேலை செய்யுது என்றான். ஒட்டகம் பெல்ட்டைக் கழற்றி அவனை அடிக்கலாமா என்று யோசித்தான். குனிய வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டான்.

வக்கீலின் அட்டையை அந்த வாரமே ரத்து செய்தார்கள். அவன் மாமியாருக்கு வலது கண்ணில் புரை. அந்த அட்டையில்தான் ஆபரேஷனுக்குப் பதிந்திருந்தார்கள். கிழவிக்குக் கண் தெரியாமல் இருக்கிறவரைக்கும் எனக்கு நிம்மதி, நான் எப்போது வந்தேன் என்று கேட்க மாட்டாள் என்று வக்கீல் டீக்கடையில் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். முதலாளியாக வக்கீல் கட்டித்தர வேண்டிய கழிப்பறைக்கு ஏழு பேரும் சேர்ந்து குழி தோண்டலாம் என்று பேசி முடிவானது. ஒட்டகம் வாளியில் உட்கார்ந்து மண் கூடையை எண்ணுவதாக ஏற்பாடு. அவன் மட்டும் டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

செட்டில், ஒருவனுக்காக இன்னொருவன் தூக்கியதைத் திரும்பத் தூக்கித் தர வேண்டும். அது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஒட்டகம் வக்கீலுக்குத் தர வேண்டியது ஒரு மூட்டை. வக்கீலின் மாமியாருக்குத் தர வேண்டியது ஒரு கண். இரண்டையும் அவன் இன்னும் தரவில்லை.