நீர்மூழ்கிக் கப்பல் என்ற விடை

பிரேமலாதான் முதலில் சொன்னாள்.

"உங்க மச்சான் டீம் மூணு மாசமா ஜெயிக்குது. அவரு டெய்லி உங்க வீட்டுக்கு வர்றாரு. நான் ஒண்ணும் சொல்லல லா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

அவள் குவிஸுக்கு ராசா என்ற ஊரிலிருந்து வரும் அணியின் தலைவி. தோற்றவள் பேசுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கோல சிலாங்கூரில், ஓர் உணவகத்தின் பின்கூடத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை குவிஸ் நடக்கும். சினிமா, இசை, வீடியோ கேம், காமிக்ஸ். நாற்பது கேள்விகள். முன்பு நானும் என் மனைவி அன்பரசியும் சேர்ந்து தயாரிப்போம். ஜனவரியில் அவள் இறந்தாள். பிப்ரவரியிலிருந்து நான் மட்டும்.

குமரவேல் அவளுடைய அண்ணன். என் வயதுதான். பாசிர் பெனம்பாங்கில் மீன் மொத்த வியாபாரக் கடையில் வேலை. அவள் போனபிறகு தினமும் ஆறு மணிக்குச் சாப்பாட்டோடு வருவான். நான் குளித்துவிட்டு வரும்வரை மேசையருகே உட்கார்ந்திருப்பான். மேசையில் லேப்டாப் திறந்தே இருக்கும்.

வேறு யாரும் வருவதில்லை. அவன் வருவது கேள்விகளுக்காக என்றால், எனக்காக வருபவர் ஒருவருமில்லை. அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கவனித்தேன். ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு வெளியே வந்தேன். அவன் லேப்டாப்பிலிருந்து சட்டென்று நகர்ந்தான்.

"இங்க நெட் ரொம்ப ஸ்லோ மச்சான்," என்றான்.

நான் நெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்றே லேப்டாப்புக்குக் கடவுச்சொல் போட்டேன். விடைகளைத் தாளில் அச்செடுத்தேன். ஒரு விடையை மட்டும் வேண்டுமென்றே தவறாகப் போட்டேன். 'ஜாய்ஸ்டிக் என்ற பெயர் வீடியோ கேமுக்கு முன்பே எதில் வழங்கியது?' சரியான விடை விமானம். நான் போட்டது நீர்மூழ்கிக் கப்பல். தாளைப் பார்க்காத எவனும் அதை எழுத மாட்டான்.

வெள்ளிக்கிழமை தாளை மேசையில் எழுத்து தெரியும்படி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதிக நேரம் குளித்தேன். அவன் போனபின் பார்த்தால் தாள் கவிழ்ந்து கிடந்தது. அதுவே போதும். அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

ஞாயிறு, பிரேமலாவிடம் பொறி வைத்திருப்பதைச் சொன்னேன்.

"சிக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்," என்றாள்.

ஏற்பாட்டாளர் கணேஸ்வரன் கேள்விகளை வாசித்தார். அணிகள் எழுதிக் கொடுத்தன. குமரவேல் அணியின் தாளைத்தான் முதலில் எடுத்தேன். முப்பத்தோராவது கேள்வி, ஜாய்ஸ்டிக். விமானம்.

உறையைக் கிழித்தேன். என் விடைத்தாளில் நீர்மூழ்கிக் கப்பல் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் விமானம். அவன் கையெழுத்து.

மேலே இன்னும் இரண்டு அடித்தல்கள். பியானோவின் கட்டைகள்: எழுபத்தெட்டு. அடித்து எண்பத்தெட்டு. பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று: எண்பத்தெட்டு. அடித்து எழுபத்தெட்டு.

நான் தவறாகப் போட்டது ஒன்று. அடித்திருப்பது மூன்று.

அவனை வெளியே கூப்பிட்டேன். அவனுடைய மீன் வேன் பக்கத்தில் நின்றோம்.

"எப்போலருந்து?"

"மார்ச்சு."

"ஏன்?"

"பிப்ரவரியில ஆறு விடை தப்பு, மச்சான். பிரேமலா கத்துனா. நீ பாட்டுக்கு மார்க் போட்டுக்கிட்டே இருந்த. இன்னொரு மாசம் இப்படின்னா ஆளை மாத்தணும்னு கணேஸ்வரன் என்கிட்ட சொன்னாரு. ஒனக்கு ஞாபகம் இல்லயா?"

பிப்ரவரி எனக்கு ஞாபகமில்லை.

"மத்த மாசம் லேப்டாப்லயே திருத்திட்டேன். இந்த வாட்டி பாஸ்வேர்டு போட்டு, பிரிண்ட் வேற எடுத்துட்ட. நம்பர் மாறுனது தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். நீர்மூழ்கிக் கப்பலைப் பாத்ததும் பயந்துட்டேன் லா. ஆளு மொத்தமா போயிட்டான்னு."

"அது நான் வேணும்னே போட்டது."

"எதுக்கு?"

விடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் முகம் மாறியது. புரிந்துவிட்டது.

"டீமுக்குச் சொன்னியா?" என்றேன்.

"நான் பேனா புடிக்கிற ஆளு. அவங்க சொல்றத எழுதுவேன். வாயத் தொறந்ததில்ல."

"அத நான் எப்படி நம்புறது?"

"நம்பாத."

உள்ளே போய் மதிப்பெண்களைக் கூட்டினேன். அவன் அணி முப்பத்தெட்டு. ராசா முப்பத்தேழு. ஒலிவாங்கியை வாங்கினேன்.

"விடைத்தாளில் இரண்டு தவறுகள் இருந்தன. நான் கவனமில்லாமல் செய்தவை. முன்பும் செய்திருக்கிறேன். திருத்தியது குமரவேல். விடைகளைப் பார்த்தவர் விளையாடக் கூடாது. அந்த அணியை நீக்குகிறேன். முதல் பரிசு ராசாவுக்கு."

யாரும் கைதட்டவில்லை. பிரேமலா பரிசை வாங்கும்போது, "பிப்ரவரியில நான் ரொம்பக் கத்திட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியாது என்றேன்.

குமரவேல் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா பண்ண. இனிமே எவன் என்னை டீம்ல சேப்பான்?"

"என்கூடச் சேர்ந்து கேள்வி தயார் பண்ணு."

"திருடன்னு நெனச்சுப் பொறி வச்ச. இப்ப கூடவே ஒக்காரச் சொல்ற. நம்புறியா?"

"இன்னும் தெரியல."

அது உண்மை. அவன் கியரைப் போட்டான்.

"சரி, தெரிஞ்சதும் சொல்லு. பின்னால ஐஸ் உருகுது. நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். நீ முன்னாடியே குளிச்சுட்டு ரெடியா இரு."