நட்சத்திரம் விழாத ஆறு தாள்கள்

அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆறும் கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. ஆண்டுக்கு ஒன்று. அளவு வரம்பைத் தாண்டினால் இயந்திரம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 1.1-இல் தொடங்கி 1.4 வரை ஏறியிருந்தது. ஒரு தாளிலும் நட்சத்திரம் இல்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு வீண் அலைச்சல் என்று அக்கா அடுத்த இரண்டு ஆண்டுகள் பரிசோதனைக்கே போகவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

தாளின் அடியில் பொடி எழுத்தில், மேல்வரம்பு 1.5 என்பதற்கு ஆதாரமாக ஒரு கட்டுரை குறிக்கப்பட்டிருந்தது. அது தங்கை எழுதியது. மருத்துவ வேதியியலில் அவளுடைய நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் முறை.

"ஏண்டி, நீ எழுதினதுதானே இது? யார் ரத்தத்தை எடுத்து இந்தக் கணக்கைப் போட்ட?"

அந்தக் கட்டுரையை எழுதியபோது தங்கைக்கு வயது இருபத்தெட்டு. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதமே இருந்தது. ஒரே காலையில் இருநூறு பேர் வரிசையில் நிற்கும் இடம் தீயணைப்புப் பயிற்சி மைதானம். அங்கேதான் ரத்தம் எடுத்தாள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடம்பு முறுக்கேறியவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கும், ஒல்லியானவர்களுக்குக் குறைவாக. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் கட்டுரையில் 'ஆரோக்கியமான பெரியவர்கள்' என்றுதான் எழுதினாள். மைதானத்தைக் குறிப்பிடவில்லை. இருநூறு பேரில் பெண்கள் முப்பத்தொரு பேர்தான். ஆண், பெண் இருவருக்கும் ஒரே வரம்பு.

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பயில்வானுங்களை வச்சு என்னை அளந்தியா?" அக்கா சிரித்தாள். "சின்ன வயசுல ஒல்லிக்குச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே. அதை இந்தப் பேப்பர்ல ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"அது வந்த இதழுக்கு எழுதிடறேன்க்கா. தப்புன்னு சொல்லிடறேன்."

"எனக்காக எழுதாத. எனக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே ஒருத்திக்கும் இப்படி வரக்கூடாது, அதைப் பாரு."

எழுதினாள். எட்டு மாதம் கழித்து, இதழின் கடைசியில் அரைப் பக்கக் கடிதமாக வெளியானது. அந்த எட்டு மாதத்தில் பழைய கட்டுரைக்கு மேலும் நாற்பது மேற்கோள்கள் சேர்ந்திருந்தன.

கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, அக்காவுக்குப் பரிசோதனை செய்த ஆய்வகத்துக்கே போனாள். வரம்பை மாற்றச் சொன்னதும் மேற்பார்வையாளர் தர்மசங்கடமாக நெளிந்தார்.

"நானா மாத்த முடியாதுங்க மேடம். எங்க தரக் குழு ஒத்துக்கணும். எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னுதான் அவங்க முதல்ல கேப்பாங்க. இந்தக் கடிதத்தை எத்தனை பேர் காட்டியிருக்காங்க?"

"ரெண்டு."

"யார் யாருங்க?"

"ஒண்ணு நான்."

அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. யாரோ ஒரு பெண், வயது ஐம்பத்திரண்டு, எடை நாற்பத்தொன்று. கிரியேட்டினின் 1.4. பக்கத்தில் வெற்றிடம்.

அவள் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்தாள்.

"கையால திருத்தினா செல்லாதுங்க மேடம்," என்றார் அவர் தணிந்த குரலில். தாளைப் பிடுங்கவில்லை. அவளே கொடுக்கும்வரை காத்திருந்து வாங்கி, இரண்டாக மடித்துக் கூடையில் போட்டார். பிறகு பொத்தானை அழுத்தினார். அதே தாள் மறுபடி வந்தது.