நடைபாதைப் பக்கத்து டயர்கள்

மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட அட்டவணை சனிக்கிழமை டயர் கடையில் கால் மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

வீட்டில் ஒரே வண்டி, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. ஓட்டுவது அப்பா மட்டும். காலை ஐந்தரைக்கு அக்காவை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விடுவார். எட்டு மணிக்கு அக்கா மகள் பாப்பாவைப் பள்ளியில் விடுவார். அக்காவுக்கு வண்டி ஓட்டவே பயம். நான் ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.

நான்கு டயரும் மொட்டையாகியிருந்தன. இங்கே கோடையில் தார் இளகும், மழையில் சாலை ஓடையாகும், குளிர்காலத்தில் சில காலைகளில் பனிக்கட்டி படியும். எல்லாப் பருவத்துக்குமான டயராகப் பார்க்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார்.

"சாயங்கால வகுப்புல தரக்கட்டுப்பாடுதானே படிக்கற. முதல்ல நம்ம வீட்டுத் தரத்தைக் கட்டுப்படுத்து."

வகுப்பில் சொல்லித்தந்தபடியே செய்தேன். ஐந்து டயர்கள், நான்கு கட்டங்கள்: ஈரத்தில் பிடிப்பு, பனியில் பிடிப்பு, சத்தம், உழைப்பு. சத்தம் குறைந்த ஒரு டயர் முதலில் வந்தது. கூட்டலை நான்கு தடவை சரிபார்த்தேன்.

கடைக்காரர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மாப்பிள்ளை பாக்கறதுக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா."

"அதுக்குத் தனி நோட்டு வெச்சிருப்பா" என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரித்தபடியே வண்டியைச் சுற்றி வந்தார். நடைபாதைப் பக்கத்து முன் டயரருகே குந்தி உட்கார்ந்து, அதன் பக்கச் சுவரில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று தடவினார். பின் டயரையும் தடவினார். எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்தப் பக்கம் ரெண்டும் விளிம்புக் கல்லுல உரசியிருக்கு. அந்தப் பக்கம் ஒரு கீறல் கிடையாது."

"வண்டியை நிறுத்தும்போது லேசா பட்டிருக்கும்" என்றார் அப்பா.

"நிறுத்தும்போது பட்டா ஒரு இடத்துல படும் சார். இது வளையம் மாதிரி முழுசா சுத்தி வந்திருக்கு. ஓடிக்கிட்டே இருக்கும்போது உரசினது." அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரு ஓட்டறது?"

"நான்தான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்."

"இந்தப் பக்கத்துக் கண்ணை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

"டயர் கடையில டயரைப் பாருங்க. கண்ணைக் கண் கடையில பாத்துக்கறேன்."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அவர் என்னைப் பார்த்தே பேசினார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஏனென்றால் அந்த வளையத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். டயரின் அளவைக் குறிக்கக் குனிந்த முதல் நாளே பார்த்து, நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: 'ஓரங்களில் தேய்மானம். பழசு.' சாப்பாட்டு மேசையில் அப்பாவின் தண்ணீர் டம்ளர் எப்போதும் அந்தக் கண் இருக்கும் பக்கத்தில்தான் கவிழும். அதற்கு நான் கட்டம் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னேன். அவள் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்டி."

"எப்போலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து. முன்னாடி உக்காந்து 'அப்பா, கொஞ்சம் நடுவுல வாங்க'ன்னு தினமும் சொல்லிக்கிட்டுத்தான் போறேன்."

"பாப்பா தனியா வரும்போது யாரு சொல்றது?"

அவள் மடித்த சீருடையைப் பையில் வைத்தாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா நாளைக்கே சாவியை வாங்கிடுவாங்க. அஞ்சரைக்குப் பஸ் கிடையாது. என் வேலை போயிடும். நீ ஓட்டறியா? மூணாவது தடவையாவது பாஸாகிக் காட்டு, அன்னிக்கே நான் அவர்கிட்ட பேசறேன்."

தேர்வுக்குத் தேதி கிடைக்க நான்கு மாதம். கிடைத்தாலும் தேறுவேன் என்பது நிச்சயமில்லை.

அன்று மாலை அப்பா தானாகவே என் மேசைக்கு வந்தார். நின்றபடி அட்டவணையைப் பார்த்தார். "பக்கச் சுவர் கெட்டியா இருக்கறது எதுன்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஐந்தாவது கட்டம் வரைந்தேன். கோடு நேராக வந்தது. மற்ற நான்கிலிருந்தும் மதிப்பெண்ணைக் குறைத்து இதற்குக் கொடுத்தேன். நான்காவது இடத்தில் இருந்த டயர் முதலிடத்துக்கு ஏறியது. சத்தம் அதிகம், சுவர் தடிமன். கூட்டலைச் சரிபார்த்தேன். தப்பே இல்லை.

இன்று மதியம் நான்கையும் மாட்டினார்கள். கடைக்காரர் சாவியை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன்.

பாப்பாவைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. "கொஞ்சம் நடுவுல வாங்கப்பா" என்று அக்காவைப் போலச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டாவது முறை சொல்வதற்குள் விளிம்புக் கல்லில் டயர் உரசிய சத்தம் நீளமாகக் கேட்டது. வண்டி குலுங்கவில்லை.

"டயர் நல்லா இருக்கு" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

பள்ளி வாசலில் பாப்பா வருவதற்குள் இறங்கி, பின்னால் நடைபாதைப் பக்கம் இருந்த அவளுடைய சின்ன இருக்கையைக் கழற்றினேன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால், மறுபக்கத்தில் வைத்து வாரை இறுக்கினேன். முடிந்தவரை இறுக்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா மாத்தற?"

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுப்பா."

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"ஆமாம்" என்றார் அப்பா. "வெயில் ஜாஸ்திதான்."