அக்னஸ் கொடுத்த மனு

டெல்லியிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம், உறையூரில் ஒரு துக்கம் என்று எல்லாம் முடித்து இருதயநாதன் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தது. அவர்களுக்கு நடுவே மனைவி அக்னஸ் டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

இருதயநாதன் மன்னார்புரத்தில் மோட்டார் பம்புக் கடை வைத்திருந்தவர். திருவெள்ளறைப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் தானே ஸ்கூட்டரில் போய் இறங்குவார். அந்தப் பழக்கம் அவரை வணிகர் சங்கத் தலைவராக்கியது, பிறகு இரண்டு முறை எம்.பி.யும் ஆக்கியது. கடை அக்னஸின் தலையில் விழுந்தது. 'இந்த ஒரு தடவைதான்' என்று முதல் தேர்தலிலும் சொன்னார், இரண்டாவதிலும் சொன்னார். மூன்றாவது முறை நிற்கிறாரா என்று இன்றைக்குள் கட்சிக்குச் சொல்லியாக வேண்டும். அவளை இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டே வந்தவர், அவள் முன்னாலும் கைகூப்பினார்.

"வணக்கம்மா. நல்லாருக்கீங்களா? மனு குடுத்துட்டீங்களா?"

கடை மேனேஜர் ஸ்டீபன்ராஜ்தான் முதலில் சிரித்தார். "அண்ணே, அது நம்ம அண்ணி!"

கூட்டமே சிரித்தது. அக்னஸுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தட்டை ஸ்டீபன்ராஜிடம் கொடுத்தாள்.

"எழுதிக் கொண்டாரலைங்கய்யா, வாயாலயே சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா வீட்டுக்கு வரலைங்க. அப்பப்ப அவரு மாதிரியே ஒருத்தர் வந்து சட்டை மாத்திட்டுப் போறார். ஏதாவது செய்ய முடியுமாங்க?"

"ஆவன செய்யறேம்மா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூப்பிய கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போலக் கொஞ்சம் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"தலைவரே, நான் இந்தத் தடவை நிக்கலைங்க... உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்ம இளைஞரணி சகாயநாதனுக்கு சீட்டக் குடுங்க, நல்ல பையன்... இல்லைங்க, கோபமெல்லாம் இல்லை."

டீ ஆறுவதற்குள் வாசல் காலியானது. வண்டிகள் சகாயநாதன் வீட்டுப் பக்கம் திரும்பின. சிலர் மட்டும் "போயிட்டு வரோம்ணே" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், பக்கத்து நாற்காலியில் அவள்.

"சந்தோஷமா அக்னஸ்?"

"தெரியலைங்க. அசதியா இருக்கு."

"எனக்கும்தான்."

சற்று நேரத்தில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது, குறட்டையும் வந்தது. கேட்டைச் சாத்த வேண்டும். எழுந்துகொள்ள மனம் வராமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.