மிலாதினின் ரத்தம் பத்தைத் தாண்டிய வரலாறு

1

மனித குலத்தின் மேலான கவனத்திற்கு: மிலாதினின் ரத்தத்தைப் பற்றிய முதல் பேரிலக்கியம் இதோ தொடங்குகிறது. கதை கிடைத்த இடம், சாவா என்னும் ஆற்றின் கரையில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் கூடம். ஜன்னலோரக் கட்டில் அவருடையது, அடுத்தது என்னுடையது.

முதல் வரி: “குழாய்களில் செந்நிற நதியாய் அவர் வாழ்வு...” [அடித்துவிட்டேன். பார்க்கத் தண்ணீர் விட்ட தக்காளிச் சாறு மாதிரி இருந்தது.]

2

மிலாதினிடம் ஓர் எக்காளம் இருக்கிறது. கல்யாணத்தன்று மகளை வீட்டிலிருந்து தேவாலயம்வரை அதை ஊதியே அழைத்துப்போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆனால் ரத்தம் ஊறச் செய்ய வேண்டிய சிறுநீரகம் படுத்துவிட்டது. ஊறியதிலும் கொஞ்சம் ஒவ்வொரு முறையும் இயந்திரத்திலேயே தங்கிவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். “ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டாம எக்காளத்தைத் தொடக் கூடாது” என்று டாக்டர் ராதிவோய் தீர்ப்பளித்துவிட்டார். ஊசி மேல் ஊசி போட்டும் எண் எட்டரையை விட்டு நகரவில்லை.

[இங்கே அவரைச் சாகடிப்பதாக இருந்தேன். எட்டிப் படித்துவிட்டார். “யோவ், கல்யாணச் சாப்பாடு வரைக்குமாச்சும் விட்டு வையேன்யா!”]

3

டாக்டர் மாணவர்களோடு வந்தார். “மருந்துக்கே அடங்காத ரத்தம்! இந்த நோய்க்கு என் பேரையே...”

“நானும் என்னத்தத்தான் செய்யறது டாக்டர்?” என்றாள் மிலாதினின் மனைவி யெலிகா. “டெஸ்டுக்கு முந்தின நாள்லேர்ந்து கூஜா கூஜாவா கறுப்பு ஒயின்* ஊத்தித்தானே அனுப்பறேன்!”

“கூஜாவா? எடை ஏன் ஏறுதுன்னு கேட்டா, கல்யாண சந்தோஷத்துல பூரிச்சுட்டேன்னாரே!”

சிறுநீர் பிரியாத உடம்பில் ஒயின் எங்கே போகும்? ரத்தத்தை நீர்க்கவைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தது. தண்ணீர் ஊற்றிய பாலை அளந்துவிட்டு மாட்டைக் குறை சொன்ன கதைதான். டாக்டரின் பெயர் தாங்கவிருந்த நோய் அந்தக் கூஜாவிலேயே மூழ்கியது.

(* சிவப்பு ஒயின்தான். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரத்தம் ஊறும் என்று நம்புவோம்.)

4

அடுத்த சோதனைக்கு மிலாதின் நாக்கு வறள வந்தார்.

“ஒரு ஐஸ் துண்டு?” என்றேன்.

“உன் கதையில கூட எனக்குத் தண்ணி வேணாம்.”

பத்து புள்ளி இரண்டு! ஊசி ஏறிய கையை அசைக்க முடியாததால் கூடமே மறு கையால் கட்டிலைத் தட்டி ஆர்ப்பரித்தது. யெலிகா அழுதாள். எல்லாம் தன் ஊசியின் மகிமை என்றார் டாக்டர்.

5

முடிவுகள்: (அ) எக்காளம் கேட்டு ஊரே ஆடுகிறது. (ஆ) மணப்பெண்ணோடு டாக்டரும் கண்ணீர்... [போதும்.]

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலிலிருந்து தேவாலயம்வரை, ஓர் இடத்திலும் நிற்காமல், மூச்சு வாங்காமல், கன்னம் சிவக்கச் சிவக்க ஊதினார்.

மிலாதினுக்கு எக்காளம் ஊத வராது.